பெரியாச்சியின் பேரர்: முன்ஷி அப்துல்லாஹ்வின் வேரும் வீடும் எழுத்தும்

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை யார் என்று கேட்டால், பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் தயங்காமல் முன்ஷி அப்துல்லாஹ் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அவருடைய தந்தைவழிப் பாட்டியின் பெயர் பெரியாச்சி என்பதும், அந்தப் பாட்டியின் தகப்பனார் பெயர் ஷெய்கு மீரா லெப்பை என்பதும், அவர்களுடைய வழி நாகூர்க் கடற்கரை வரை செல்கிறது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் சங்கம் பொன்விழா காணும் இவ்வேளையில், இம்மண்ணில் நமக்கு முன்னே வாழ்ந்து, நமக்கு முன்னே எழுதி, நமக்கு முன்னே மறைந்த ஒருவரின் கதையைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும். அவர் எங்கிருந்து வந்தார், எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார், அவருடைய எழுத்து எதிலிருந்து ஊறியது என்பவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

நாகூர்க் கரையிலிருந்து

அப்துல்லாஹ்வின் பாட்டனாருக்குத் தந்தை ஷெய்கு அப்துல் காதிர். யமன் நாட்டு அரபியர். மார்க்கமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர். கிழக்கு நோக்கிக் கப்பலேறி வந்தவர் நாகூரில் இறங்கினார். அங்கே ஓத வைத்துக்கொண்டே தங்கிவிட்டார். அவ்வூரிலேயே பெண்ணெடுத்தார்; பிள்ளைகள் பிறந்தார்கள். தகப்பனார் மவுத்தான பிறகு பிள்ளைகள் கடல் தாண்டி இந்தக் கீழ்த்திசைத் தீவுகளுக்கும் துறைகளுக்கும் பிரிந்து சென்றார்கள். அவர்களில் ஒருவரான முகமது இப்ராஹீம் மலாக்காவுக்கு வந்து, பெரியாச்சியை நிக்காஹ் செய்துகொண்டார். பிறந்த மகனுக்குத் தம் தகப்பனாரின் பெயரையே அப்துல் காதிர் என்று சூட்டினார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தை இங்கேயும் காண்கிறோம்.

அப்போது மலாக்கா டச்சுக்காரர் கையில் இருந்தது. ஆட்சி யாருடையதாக இருந்தாலும் கடைத்தெருவில் நம்மவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 1748-இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. அப்துல்லாஹ் பிறந்த இடம் கம்போங் பாலி. பள்ளி என்னும் தமிழ்ச் சொல்லே மலாய் நாவில் பாலி ஆயிற்று என்று கொள்வர்.

அப்துல் காதிர் வாணிபம் செய்தார். உள்நாட்டுக் கம்பங்களில் ஓத வைத்தார். மலாயும் தமிழும் எழுதத் தெரிந்தவர் என்பதால் ஊராருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தார். மலாய் மொழிக்கு அகராதி செய்த ஆங்கிலேய அறிஞர் வில்லியம் மார்ஸ்டனுக்கு மலாய் கற்பித்தவர் தம் தந்தையே என்று அப்துல்லாஹ் பதிவு செய்திருக்கிறார். எழுத்து அந்தக் குடும்பத்தின் குலத்தொழிலாகவே இருந்தது.

பெரியாச்சியின் ஓதும் பள்ளி

1796-ஆம் ஆண்டு அப்துல்லாஹ் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த ஆண் பிள்ளைகள் நால்வரும் சிறு வயதிலேயே இறந்துபோயிருந்தார்கள். தாயார் செலாமா அந்தத் துயரத்தில் அழுதுகொண்டே இருந்த காலத்தில், ஹத்தாத் குடும்பத்தைச் சேர்ந்த அரபு நாட்டு ஸையிது ஒருவர் ஆறுதல் கூறி, அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குத் தம் பெயரை வைக்கும்படி சொன்னார். அப்படி வந்ததே அப்துல்லாஹ் என்னும் பெயர். இந்தக் குழந்தையும் நோஞ்சானாகவே இருந்தது. பெற்ற தாயின் வளர்ப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதி, அக்கம்பக்கத்துத் தாய்மார் பலரிடம் பால் குடிக்கக் கொடுத்து வளர்த்தார்கள்.

பாட்டி பெரியாச்சி கம்போங் பாலியில் ஓதும் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் அங்கே குர்ஆன் ஓதினார்கள். சிலர் எழுத்தும் மொழியும் கற்றார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் முஸ்லிம் பெண்மணி இத்தனை பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தார் என்பது நாம் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய செய்தி. பிற்காலத்தில் அப்துல்லாஹ் அந்தப் பள்ளியைப் பற்றி எழுதும்போது பாட்டியின் அன்பை மட்டும் எழுதவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனைகளையும், அதற்கென்று வைத்திருந்த பிரம்பையும் விரலிடுக்கில் வைத்து நெரிக்கும் குச்சியையும் ஒன்று விடாமல் எழுதினார். கண்டதைக் கண்டபடி சொல்லும் குணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தகப்பனாரின் கண்டிப்பு

அப்துல் காதிர் கடுமையான தகப்பனார். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த பின் கிடைத்த மகன் என்றாலும் படிப்பில் அவர் இரக்கம் காட்டியதே இல்லை. குர்ஆன் பிரதி எடுக்க வைப்பார். பிழை கண்டால் திட்டுவார். நன்றாக எழுதினாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். மகனுக்கு இது பெரிய மனக்குறையாக இருந்தது.

ஒருநாள் சியாக்கிலிருந்து வந்த நகுதா ஒருவர், கடன் பத்திரம் எழுதுவதற்காக அப்துல் காதிரைத் தேடி வந்தார். தகப்பனார் வீட்டில் இல்லை. சிறுவன் தானே எழுதித் தருவதாகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டான். கூலியும் கிடைத்தது. செய்தி தெரிந்ததும் தகப்பனார் கடிந்துகொண்டார். ஆனால் பிறகு அவர் மனைவியிடம் தனியே பேசுவதை மகன் கேட்டுவிட்டான். இந்தப் பிள்ளை இன்றுதான் பிறந்தது போல இருக்கிறது என்றும், எழுதத் தெரியாமல் போயிருந்தால் இருந்தும் இல்லாதவனாகவே எண்ணியிருப்பேன் என்றும் அவர் மகிழ்ந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். தம் மீது தகப்பனார் வைத்திருந்த அன்பு அன்றுதான் அப்துல்லாஹ்வுக்குப் புரிந்தது. எழுத்தின் மதிப்பும் அன்றே புரிந்தது.

அந்தத் தகப்பனார் செய்த இன்னொரு காரியம் நாம் கவனிக்க வேண்டியது. மகனைத் தமிழ் படிக்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். இரண்டரை ஆண்டு அப்துல்லாஹ் தமிழ் கற்றார். வசதியுள்ள மலாக்கா வீடுகளில் அது வழக்கமாகவே இருந்தது. தமிழ் வணிகர்கள் நிறைந்த ஊரில் கணக்கும் பேரமும் தமிழில் நடந்தன; தமிழ் தெரியாதவன் வியாபாரத்தில் தடுமாறுவான் என்பது அக்காலத்து நிலை.

முன்ஷி ஆன கதை

1795 முதல் மலாக்காக் கோட்டையில் ஆங்கிலேயரின் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்கள் பலர். சிறுவனாக இருந்த அப்துல்லாஹ் கோட்டைக்குப் போய் அவர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தார். பிரதி எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். மொழியாசிரியர் என்னும் பொருளில் முன்ஷி என்று முதலில் அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்களே. வயதுக்கு மிஞ்சிய அந்தப் பட்டம் கடைசி வரை அவரோடு ஒட்டிக்கொண்டது.

அரபியும் தமிழும் இந்துஸ்தானியும் கற்ற அவர், மலாய் மொழியைத் தேடித் தேடிக் கற்க வேண்டியிருந்தது. தாய்மொழிதானே, அதைத் தனியாக எதற்குப் படிப்பது என்று ஊரார் நினைத்த காலம் அது. மலாய்க்குப் பள்ளியும் இல்லை, இலக்கணம் சொல்லித் தருவாரும் இல்லை. மொழி தெரிந்த முதியவர்களின் வீடு தேடிப்போய் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு அவர் கற்றார். பழைய ஏடுகளை வாங்கிப் படித்தார். தன் மொழியைத் தானே படிக்காத சமுதாயம் எப்படி முன்னேறும் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1810-இன் இறுதியில் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவா மீது படையெடுக்கும் முன்னேற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருடைய அலுவலகத்தில் எழுத்தர்களுள் மிக இளையவராக அப்துல்லாஹ் சேர்ந்தார். மலாய் மன்னர்களுக்குச் செல்லும் கடிதங்களையும், ராஃபிள்ஸ் தேடிச் சேர்த்த ஏடுகளையும் பிரதி எடுப்பது வேலை.

1815-இல் வில்லியம் மில்ன் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அவருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அப்துல்லாஹ் மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். அச்சுத் தொழிலும் பழகினார். அவர்களுடைய வேதத்தை மலாயில் பெயர்க்கும் வேலையிலும் மொழித்துணையாக இருந்தார். ஊரார் சும்மா இருப்பார்களா? அப்துல்லாஹ் பாதிரி என்று கேலிப்பெயர் வைத்தார்கள். வீட்டிலும் கலக்கம். ஆனால் அவர் தேடியது மொழியையும் தொழிலையும்தான். மொழியைப் பெற்றுக்கொண்டார், மார்க்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஐவேளைத் தொழுகையுடைய முஸ்லிமாக வாழ்ந்து, ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பயணத்திலேயே உயிர் நீத்தார் என்பதே அந்தக் கேலிக்குப் போதுமான பதில்.

எழுத்தின் ஊற்று

அதுவரை மலாய் ஏடுகள் பெரும்பாலும் மன்னர்களையும் வீரர்களையும் அற்புதங்களையும் பேசின. அப்துல்லாஹ்வின் எழுத்துக்கு ஊற்று வேறு. தெருவில் கண்டது, துறைமுகத்தில் கேட்டது, தம் வீட்டில் நேர்ந்தது. நான் கண்டேன், நான் கேட்டேன் என்று ஒரு சாதாரண மனிதன் தன் பெயரைப் போட்டு எழுதியது மலாய் எழுத்தில் புதுமை.

1807-இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையைத் தகர்த்தார்கள். வெடிமருந்து வைத்ததும் யானை அளவிலும் வீட்டளவிலும் கற்கள் பறந்து கடலில் விழுந்ததைச் சிறுவனாகப் பார்த்தார். கோட்டைக்குள் பேய்கள் இருக்கின்றன என்று மக்கள் அஞ்சியதையும், கோட்டை போனதும் மலாக்காவின் அழகே போய்விட்டது என்று வருந்தியதையும் சேர்த்து எழுதினார்.

சிங்கப்பூரில் அடிமைகளை ஏற்றி வந்த படகைப் போய்ப் பார்த்தார். கர்ப்பிணிப் பெண்ணும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கொட்டாங்கச்சியில் சோறும் மூங்கிலில் தண்ணீரும் கொடுத்து விலங்குகளைப் போல அவர்களை நடத்தியதைக் கண்டு மனம் உடைந்தார். அவருடைய எழுத்தில் மிகவும் உருக்கமான பக்கங்களில் அதுவும் ஒன்று.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் யாரும் படிக்க முடியாத எழுத்துகள் பொறித்த ஒரு பெரும் பாறை இருந்தது. 1843-இல் அதை உடைத்தெறிந்தார்கள். படிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றை அழிப்பதா என்று அவர் ஆற்றாமைப்பட்டார். ராஃபிள்ஸ் சேர்த்த மலாய் ஏடுகள் பல 1824-இல் பெங்கூலன் அருகே தீப்பிடித்த கப்பலோடு எரிந்துபோன செய்தியும் அவரை வாட்டியது. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. ஒரே பிரதியாக இருக்கும் ஏடு ஒரு நெருப்பில் போய்விடும்; அச்சில் ஏறியது நிற்கும். பழைய மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வை அவர் பதிப்பித்து அச்சேற்றியதற்குப் பின்னால் இந்தக் கவலையும் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு ஊர், ஒரு குடும்பம்

சிங்கப்பூர் வளரத் தொடங்கியதும் பிழைப்பு அங்கே இழுத்தது. குடும்பம் மலாக்காவில், வேலை சிங்கப்பூரில். வணிகர்களுக்குக் கடிதம் எழுதினார், வெள்ளைக்காரர்களுக்கு மலாய் கற்பித்தார், மொழிபெயர்த்தார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் படகேறி மலாக்கா போவார், மீண்டும் வருவார். இடையில் கொள்ளைக்காரர் பயம் உள்ள கடல். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து உழைத்த நம் பாட்டன்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் இந்த வாழ்க்கை புதியதல்ல. தெலுக் ஆயர் தெருவில் நம்மவர்கள் நாகூர் தர்காவை 1828 முதல் 1830 வரை கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவருடைய சிங்கப்பூர் நாள்களே.

1830-இல் சிங்கப்பூரில் பெருந்தீ பரவியது. அப்துல்லாஹ்வின் உடைமைகளும் அதில் எரிந்தன. பொருள் போன துயரத்திலும் அன்று கண்டவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டு, சிங்கப்பூர் எரிந்ததைப் பற்றி ஒரு சாயிர் பாடினார். மன்னரைப் பாடும் செய்யுள் வடிவத்தில், வீடிழந்த மக்களைப் பாடினார். பிற்பாடு 1847-இல் கம்போங் கிளாம் எரிந்தபோதும் அவ்வாறே எழுதினார்.

1836-இல் அவருடைய சின்ன மகள் சித்தி லேலா இறந்துபோனாள். பிள்ளையின் பிரிவால் மனைவி சோர்ந்து விழுந்தார். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் வயிற்றில் பிறந்தவருக்கு அந்தத் துயரம் தெரியாதா? மனைவியைத் தேற்றுவதற்காக 'தவாவுல் குலூப்', அதாவது உள்ளங்களின் மருந்து, என்னும் பெயரில் ஒரு நூல் எழுதினார். ஒரு கணவர் தம் மனைவியின் கண்ணீரைத் துடைக்க எழுதிய நூல் அது. 1840-இல் பிரசவத்தையொட்டி அந்த மனைவியும் மறைந்தார். மலாக்காவில் இனி என்ன இருக்கிறது என்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கே குடிபெயர்ந்தார்.

அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியதும் அதே 1840-இல்தான். துயரம் அவரை முடக்கிவிடவில்லை. எழுத உட்கார வைத்தது.

தமிழிலிருந்து மலாய்க்கு

சிறு வயதில் கற்ற தமிழ் வீண்போகவில்லை. 1835-இல் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். நரிகளும் சிங்கமும் எருதும் பேசும் அந்தக் கதைகள் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவை. தகப்பனார் அன்று கணக்கு வழக்குக்காகப் படிக்க வைத்த தமிழ், மலாய் இலக்கியத்துக்கு ஒரு நூலைத் தந்தது. பிள்ளைக்கு நாம் கொடுக்கும் மொழி எங்கே போய்ப் பயன்படும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

கிளந்தான் பயணமும் ஹிக்காயத்தும்

1838-இல் கிளந்தானில் அரச குடும்பத்துக்குள் சண்டை மூண்டது. சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் அங்கே மாட்டிக்கொண்டன. சிங்கப்பூரிலிருந்து கடிதம் கொண்டுபோன குழுவில் மொழிபெயர்ப்பாளராக அப்துல்லாஹ் சென்றார். பகாங், திரெங்கானு, கிளந்தான் என்று கிழக்குக் கரை நெடுகக் கண்டதை எழுதினார். உழைத்துச் சேர்த்தால் பறிபோகும் என்று மக்கள் உழைக்கவே தயங்கியதையும், குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூட அரண்மனைப் பக்கம் தடை இருந்ததையும், நல்ல நிலம் இருந்தும் மக்கள் வறுமையில் வாடியதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்தப் பயண நூல் அவ்வாண்டே சிங்கப்பூரில் அச்சானது.

அந்த எழுத்தைப் படித்த ஆல்ஃபிரட் நார்த் என்னும் அமெரிக்கப் பாதிரியார், வாழ்க்கை வரலாற்றையும் இதே போல் எழுதும்படி தூண்டினார். 1840-இல் தொடங்கிய 'ஹிக்காயத் அப்துல்லாஹ்' 1843-இல் முடிந்தது. 1849-இல் ஜாவி எழுத்தில் கல்லச்சாக வெளிவந்தது. பெரியாச்சியின் பள்ளி, தகப்பனாரின் பிரம்பு, கோட்டை, சிப்பாய்கள், ராஃபிள்ஸ், அடிமைப் படகு, பாறை எல்லாம் நமக்கு இன்று கிடைப்பது அந்த நூலால்தான்.

அவர் மீது குறை சொல்வோரும் உண்டு. ஆங்கிலேயரை அளவுக்கு மேல் புகழ்ந்தார், மலாய் மன்னர்களையும் மக்களையும் கடுமையாகப் பேசினார் என்பது அந்தக் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்; அவர்களுடைய ஆதாயக் கணக்கை அவர் முழுவதும் பார்க்கவில்லை. ஆயினும் கோட்டையைத் தகர்த்ததையும் பாறையை உடைத்ததையும் குறை சொன்ன பேனாவும் அதுவே. மொழியைப் படியுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று மலாய் மக்களை அவர் இடித்துரைத்தது பகையால் அல்ல. தகப்பனாரிடம் வாங்கிய கண்டிப்பையே அவர் ஊருக்கும் கொடுத்தார்.

இறுதிப் பயணம்

1854-இல் ஹஜ்ஜுக்காகச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டே போனார். குமரி முனையைச் சுற்றி, கொச்சி, கள்ளிக்கோட்டைத் துறைகளைத் தொட்டுக் கப்பல் மேற்கே சென்றது. நூறாண்டுக்கு முன் பூட்டனார் வந்த கடல்வழியிலேயே பேரர் திரும்பிச் சென்றது போல அமைந்தது அந்தப் பயணம். ஹிஜாஸ் மண்ணை அடைந்த அவர் மீண்டு வரவில்லை. இறைவன் நாடியபடி அங்கேயே அவர் ஆயுள் முடிந்தது.

எழுத்து அவரோடு முடியவில்லை. மகன் முகமது இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர் பதவி வகித்தார்; தகப்பனாரைப் போலவே தாமும் ஒரு பயண நூல் எழுதினார். இன்று மலாக்காவில் அவர் பெயரில் பள்ளியும் சாலையும் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு. 2019-இல் சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நினைவாக ஆற்றங்கரையில் வைக்கப்பட்ட சிலைகளில் அவருடையதும் ஒன்று.

அவர் விட்டுச் சென்றது

முன்ஷி அப்துல்லாஹ் நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது எளிது. அரபியரும் அவரை உரிமை கொள்ளலாம். மலாய் மக்களுக்கு அவர் முழு உரிமை. அவர் எழுதியது மலாயில், வாழ்ந்தது மலாய் மண்ணில். ஆகவே அவரை எந்தப் பக்கத்துக்கும் இழுப்பது நம் நோக்கமாக இருக்கலாகாது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. நாகூரிலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு, அந்த வீடு மார்க்கத்தைக் கொடுத்தது, தமிழைக் கொடுத்தது, மண்ணின் மொழியைத் தேடிக் கற்கும் ஆசையையும் கொடுத்தது. ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றைப் பறிக்கவில்லை. இன்று நம் வீடுகளில் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் வளர்கிறார்கள். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கிறார்கள். மதரஸாவில் ஓதுகிறார்கள். பாட்டியோடு தமிழில் பேசத்தான் பலருக்கு வரவில்லை. தமிழ் இனி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். சொந்த மொழியைத் தனியாக எதற்குப் படிப்பது என்று அன்றைய மலாக்கா கேட்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஐம்பது ஆண்டுகளாகச் சங்கம் நடத்திவரும் நாம், அடுத்த ஐம்பதுக்குத் திட்டமிடும்போது, பெரியாச்சி தம் வீட்டில் நடத்திய அந்தப் பள்ளியை நினைவில் வைத்துக்கொள்வோமாக. அங்கே ஓதிய பிள்ளைகளில் ஒருவர் ஓர் இலக்கியத்துக்கே தந்தையானார். நம் பிள்ளைகளிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அல்லாஹ் அருள் புரிவானாக!